பின்னால் ஏறி நின்ற ஆறு பேர்

வடகரப்பதி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மருமகன் கோகுல்நாத்துக்கு,

மாகாளியம்மன் கருணையால் இங்கே நானும் மாடு கன்றுகளும் முழுச் சுகம், உன் மாமா முக்கால் சுகம். அவருடைய வலது கால் மட்டும் கட்டுப்போட்டுக் கட்டிலில் கிடக்கிறது, பயப்படாதே, சுளுக்குதான், காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன். அந்த ஓமான் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் தினமும் விளக்குப் போடுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய், போனில் நான் வாயைத் திறந்தாலே சரிங்கத்தே, சரிங்கத்தே என்று வைத்துவிடுகிறாய். மேலவீட்டுப் பழனிச்சாமி வியாழக்கிழமை மஸ்கட்டுக்கு வருகிறான், அவன் பெட்டியில் இதைப் போட்டுவிட்டால் நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

ஊரில் நல்ல மழை, கடலை ஒரு சாணுக்கு வந்துவிட்டது, செவலைப் பசு கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது, நெற்றியில் அப்படியே நாமம் போட்டது போல வெள்ளை. நம் கோயிலுக்கு ஒற்றைக் கல்லில் விளக்குத்தூண் நிறுத்துவதாகச் சொன்னேன் அல்லவா, அந்தச் சங்கதிக்குத்தான் வருகிறேன். முதலில் பதினான்கு அடி என்றுதான் பேச்சு. பக்கத்து ஊரில் பதினாறு அடிக்கு நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டதும் கமிட்டித் தலைவரான உன் மாமா பதினெட்டு அடி என்று சொல்லிவிட்டு வந்தார். கல்லும் நம் ஊர்க் குவாரியிலேயே கிடைத்தது. போன ஞாயிறு பத்தரைக்கு முகூர்த்தம், கோயிலுக்குக் கொண்டுவருவதும் குவாரி லோடரே என்று ஏற்பாடு, முன்னால் இரண்டு இரும்புக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்குமே அந்த வண்டிதான். அதை ஓட்டுகிறவர் செல்லத்துரை, இடுக்கி எஸ்டேட் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். கொம்பில் வைத்தால் இந்த வண்டி தூக்கும் எடை நாலு டன் என்று தகட்டில் எழுதியிருக்கிறது, கல்லோ ஐந்து டன்னுக்கு மேல் வரும், கிரேன் சொல்லுங்கள் என்றார். கிரேன் செவ்வாய்க்கிழமைதான் வருமாம். முகூர்த்தம் போய்விடுமே என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம், இந்த வாய் இருக்கிறதே. ஏனுங்க, எம் மருமகன் ஓமான்ல இதே மாதிரி வண்டியில ஒத்தை ஆளா முப்பது டன் தூக்கறான், நீங்க அஞ்சு டன்னுக்கு இந்தப் பயம் பயப்படறீங்களே என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, அவரு முப்பது டன் வண்டியில முப்பது தூக்குதாரும்மா, இது நாலு டன் வண்டி என்றார். அது எனக்கு அப்போது காதில் ஏறவே இல்லை. குவாரிக்காரரும் போனில் தூக்கு என்று சொல்லிவிட்டார். உன் மாமாவுக்கு யோசனை வந்தது, முன்னால் கனம் என்றால் பின்னால் கனம் ஏற்றினால் போயிற்று என்று தானும் ஏறி இன்னும் ஐந்து பேரையும் வண்டிக்குப் பின்னால் ஏற்றி நிறுத்திக்கொண்டார். இறங்குங்கள் என்று அந்த மனிதர் மூன்று தடவை சொன்னார், யார் கேட்டார்கள்.

கல்லுக்கு மஞ்சள் துணி கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்பட்டது. செல்லத்துரை கல்லைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்கவில்லை, இன்னும் கொஞ்சம் தூக்கினால் பார்க்க அழகாக இருக்குமே என்று நான் நினைத்தேன். நேர் ரோட்டில் ஒரு குறையும் இல்லை, உன் மாமா சாமி குதிரை மேல் வருகிறவர் மாதிரி கையாட்டிக்கொண்டு வந்தார். பால் சொசைட்டி முக்கில் திரும்ப வேண்டும். அந்த வண்டி இடுப்பில் வளைகிற வண்டி, உனக்குத் தெரியாததா. வளைந்ததும் பின்சக்கரம் இரண்டும் அப்படியே மேலே எழுந்துவிட்டது. தீர்த்தக் குடத்தோடு நான் கல்லுக்கு முன்னால் நாலே எட்டில் நடந்துகொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தபோது கல் என் பக்கமாகச் சாய்ந்து வருகிறது, குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன், அம்மன் பேர் கூட வாயில் வரவில்லை. அந்த மனிதர் பதறாமல் கல்லைத் தரையில் இறக்கினார், வண்டி பின்னால் தொப்பென்று உட்கார்ந்தது. ஒரு சாண் உயரம் என்பதால்தான் நான் தப்பினேன். உன் மாமா ஒருவர்தான் சொசைட்டி எருக்குழியில் விழுந்தார், கால் சுளுக்கியது அப்படித்தான்.

பிறகு நானே மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, யம்மா, பின்னால ஏறுன ஆறு பேரும் எடைக்குச் சேரல, வண்டி கவுந்திருந்தா அடியில எண்ணுததுக்குத்தான் சேர்ந்திருப்பாங்க என்றார். எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை கண்ணு. மாமாவை நினைத்து அல்ல, உன்னை நினைத்து. போன மாதம் நீ போனில், முப்பது டன் வண்டியில் முப்பத்தாறு டன் கல்லைத் தூக்கச் சொன்னார்கள், முடியாது என்றேன், வண்டியிலிருந்து இறக்கி டயர் கழுவ விட்டுவிட்டார்கள் என்றாய். இந்த மாதம் முடிவதற்குள் மன்னிப்புக் கேட்டால்தான் மறுபடி வண்டி என்றும் சொன்னாய். நான் என்ன சொன்னேன், பெரியவங்க சொன்னாத் தூக்க வேண்டியதுதானே, போய் மன்னிப்புக் கேளு என்றேன். அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் இத்தனை பக்கம். மன்னிப்புக் கேட்காதே. டயர் கழுவச் சொன்னால் கழுவு. ஊருக்கு அனுப்பினால் வந்துவிடு, நாலு வயதிலிருந்து சோறு போட்டவள் இனியும் போடமாட்டேனா.

இன்று காலை கிரேன் வந்து, முக்கிலேயே கிடந்த தூண் கோயிலில் நின்றுவிட்டது, கல்லில் ஒரு கீறல் இல்லை, முகூர்த்தம் தவறியதற்கு அம்மனும் கோபித்த மாதிரி தெரியவில்லை. முதல் தீர்த்தம் செல்லத்துரைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றேன், உன் மாமாவும் சரி என்றார். ஆனால் கட்டிலில் கிடந்தபடி, பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் வண்டி வளைந்தால் தூக்கும் எடை குறையும் என்று ஏதோ இவர் கண்டுபிடித்தது போலப் பாடம் நடத்துகிறார், கேட்கச் சகிக்கவில்லை.

எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி, அம்மன் குங்குமம் எல்லாம் பழனிச்சாமியிடம் கொடுத்திருக்கிறேன். பிளேனில் முப்பது கிலோதானாம். மில் தராசில் வைத்தால் முப்பத்திரண்டு காட்டியது. இரண்டு கிலோவில் என்ன ஆகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்படியே மூடிக்கொண்டு முறுக்கு டப்பாவை எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. வண்டியில் பெல்ட் போடாமல் உட்காராதே. மாகாளியம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் நூறு வயது வைத்திருக்கட்டும்.

உன்னை நினைத்தபடி முறுக்குத் தின்றுகொண்டிருக்கும்,
அத்தை நாச்சம்மாள்