சஷ்டி விரதத்தில் எடுத்த ரத்தம்

முக்கூடல்
2.12.1996

அன்புள்ள சித்ரலேகாவுக்கு, அம்மா பார்வதியம்மாள் ஆசீர்வாதம் சொல்ல, தம்பி குமரகுருபரன் எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், அங்கே நீயும் அத்தானும் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொன்னாள். வழக்கமாக அவளே எழுதுவாள், இந்தத் தடவை உன் பேறுகாலத்துக்கு அவள் அமெரிக்கா வருவதற்கான மருத்துவ இன்சூரன்ஸ் விஷயம் இருப்பதால் "நீயே எழுதுலே, எனக்கு அந்தப் பேரெல்லாம் வாயில நுழையாது, கடைசியில கையெழுத்து நான் போடுதேன்" என்று பேனாவை என்னிடம் தந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள், நான் எதையாவது விடுகிறேனா என்று ஒரு கண் இங்கேதான் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, மழை போதும் போதும் என்று பெய்துவிட்டது, மாடி ஒழுகியதை நானே சிமெண்டு பூசி அடைத்துவிட்டேன், ஊர்ச்செய்தி இவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய உங்கள் ஊர் பாலிசி விளம்பரத்தைப் படித்தேன். மலிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தபாலில் போட்டிருக்கிறாய். பின்பக்கம் பொடி எழுத்தில், ஆஸ்பத்திரி எவ்வளவு பில் போட்டாலும் ஒரு நாளைக்கு இன்ன தொகைதான் தருவோம், மீதி நோயாளி பொறுப்பு என்று இருக்கிறது. அமெரிக்காவில் போய் டாக்டர் பட்டம் வாங்கியவள் இதைப் படிக்க வேண்டாமா? இங்கே அரசாங்கக் கம்பெனி பாலிசியில் பிரீமியம் கூடுதல், ஆனால் மொத்த வரம்புக்குள் வருகிற பில்லை நேரே ஆஸ்பத்திரிக்குக் கட்டுவார்கள், எந்நேரமும் கூப்பிட அங்கேயே ஒரு போன் நம்பரும் உண்டு. பிரீமியம் நாள் கணக்குக்குத்தான், அதனால் ஆறு மாதம் என்று சும்மா போடாமல் அம்மா புறப்படுகிற ஜனவரி 22 முதல் டிக்கெட்டில் உள்ள திரும்புகிற தேதி வரைக்கும் மட்டும் எடுத்தேன், அதிலேயே நல்ல தொகை குறைந்தது. அமெரிக்கா போகிறவருக்கு அம்மா வயதில் ஈசிஜியும், காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவும் கேட்கிறார்கள். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

ஏஜெண்டு காந்திமதிநாதன் அண்ணாச்சி நாள் குறித்துப் பாளையங்கோட்டை லேபுக்குக் கூட்டிப் போனது எந்த நாள் என்று நினைக்கிறாய், கந்த சஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள். அம்மா விரதம் இருந்தால் எப்படி இருப்பாள் என்று உனக்குத் தெரியும், ஒரு நேரம் அரை டம்ளர் பால், அவ்வளவுதான். நான் மில்லில் ஷிப்டில் இருந்தேன், எனக்குத் தெரியாது. அளவு தொண்ணூற்றாறு வந்தது. நாலு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவளுக்குத் தொண்ணூற்றாறு! அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, முருகன் நோயை எடுத்துவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அண்ணாச்சி அன்று சாயந்தரமே வீட்டுக்கு வந்து இன்சூரன்ஸ் பாரத்தை எடுத்து, இதற்கு முன் உள்ள நோய்கள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டார். அம்மா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. நான் முடியாது என்றேன். அவருக்கு வந்ததே கோபம். "ஏலே, ரிப்போர்ட்டுல சீக்கு இல்லன்னு போட்டிருக்கான், பொறவு நீ என்னத்துக்கு இருக்குன்னு எழுதச் சொல்லுத? உள்ளத எழுதுனா பாலிசியே கிடைக்காமப் போவும், ஒங்க அக்கா பேறுகாலத்துக்கு நீயா போய் நிக்கப் போற? மில்லுல மோட்டாரப் பாரு வே, இத எங்கிட்ட விடு" என்று சத்தம் போட்டார். எனக்கும் பொறுமை கிடையாது, உனக்குத் தெரியும். சுமை ஏற்றாமல் ஓடவிட்ட மோட்டாரின் அளவை வைத்து எந்த மடையனும் சான்றிதழ் கொடுக்கமாட்டான் என்று சொல்லிவிட்டேன். அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ முருகன் மடையனாலே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள்தான், இரண்டு நாள் சோறு போட்டாள், பேச்சு இல்லை.

நான் பயந்தது வேறொன்றுமில்லை. இல்லை என்று எழுதிவிட்டு அங்கே வந்து ஏதாவது ஒன்று என்றால், பொய் சொன்னீர்கள் என்று மொத்தப் பாலிசியையும் தள்ளிவிடுவான். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நீ அந்தப் பில்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆனால் அண்ணாச்சி சொன்னதிலும் பாதி நிஜம், உண்மையை எழுதி அவர்கள் மறுத்துவிட்டால் பாலிசி இல்லாமல் அம்மாவை அனுப்ப முடியாது, பிப்ரவரியில் நீ தனியாகத்தான் பெற வேண்டும். பத்து நாள் இப்படியே பாரம் கையெழுத்து இல்லாமல் அலமாரியில் கிடந்தது.

போன புதன்கிழமை நான் ஷிப்டுக்குப் போன பிறகு அம்மா என்ன செய்தாள் தெரியுமா. விரதம் முடிந்து, திருக்கல்யாணம் முடிந்து, பத்து நாள் வழக்கம்போலச் சாப்பிட்டவள், அன்று காலையில் பச்சைத்தண்ணீரோடு முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குத் தனியாகப் போய், அதே லேபில் திரும்ப ரத்தம் கொடுத்திருக்கிறாள். நூற்று அறுபத்தெட்டு. இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு நேரே கிளை ஆபீசுக்குப் போய் அதிகாரி மேஜையில் வைத்து, "இது சாமிக்கு விரதம் இருந்தப்போ எடுத்தது, இது சாப்பிட்டு இருக்கையில எடுத்தது. எனக்குச் சக்கர இருக்கு. எம் மவன் சொல்லுதான்னு வரல, நானாத்தான் வந்தேன். புதுப் பாரம் தாங்க" என்று சொல்லியிருக்கிறாள். பேச்சுச் சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணாச்சி "மதினி, காரியத்தக் கெடுத்துட்டியளே" என்றாராம். அதற்கு அம்மா, "முருகங்கிட்ட பிள்ளைக்குப் பேறு நல்லபடியா ஆகணும்னுதான் கேட்டேன் அண்ணாச்சி, பொய்க்குச் சாட்சி சொல்ல வான்னு கூப்பிடல" என்றாளாம். இதெல்லாம் எனக்கு அண்ணாச்சி வாயாலேயே தெரியும், சாயந்தரம் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பட்ட பாட்டுக்கு முதலில் திட்டத்தான் வாயெடுத்தேன், தனியாகப் போய் பஸ்ஸில் மயங்கி விழுந்திருந்தால்? திட்ட வரவில்லை. மறுநாள் மில்லில் நாலு பேரைக் கூப்பிட்டு எங்கள் அம்மா இப்படிச் செய்தாள் என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது.

பாலிசி கிடைத்துவிட்டது. வந்து சேர்ந்தது சனிக்கிழமை. சர்க்கரையும் அதனால் வருவதும் கணக்கில் சேராது என்று எழுதித்தான் தந்திருக்கிறார்கள். மற்றபடி பனியில் வழுக்கி எலும்பு முறிந்தாலும் குடல்வால் வந்தாலும் அவர்கள் பொறுப்பு. ஆக, சர்க்கரைக்கு நாம்தான் பொறுப்பு. அத்தானிடம் இதை இப்போதே சொல்லிவிடு, பிறகு தெரியாது என்று சொல்லக்கூடாது. செலவு என்று வந்தால் பாதி என்னுடையது. மாத்திரை அங்கே இருக்கிற எல்லா நாளுக்கும் வாங்கியாயிற்று, டாக்டர் சீட்டும் இங்கிலீஷில் உண்டு. நீ செய்ய வேண்டியது, உங்கள் ஊரில் ஒரு டாக்டரை முன்கூட்டியே பார்த்துக் கட்டணம் கேட்டு வைப்பது. பொங்கலுக்கு முன் அவர் பேரும் போன் நம்பரும் எனக்கு வந்துவிட வேண்டும்.

படிக்கட்டில் பைய இறங்கு, இரும்பு மாத்திரையை மறக்காதே, வெறும் ரொட்டியைத் தின்று காலம் தள்ளாதே என்று அம்மா சொல்கிறாள். சுகப்பிரசவமாகித் தாயும் பிள்ளையும் நூறு வருஷம் இருக்கக் குறுக்குத்துறை முருகன் துணை. இன்னொன்றும் எழுதச் சொல்கிறாள், அப்படியே எழுதுகிறேன்: "நான் அங்கன வாரது அவளப் பாக்க. என்னை யாரும் நோயாளியாப் பாக்கக் கூடாது. ஆனா நான் இனிப்புல கை வச்சா, பெத்தவன்னு பாக்காம தட்டி விடச் சொல்லு."

இப்படிக்கு உன் அம்மா,
பூ. பார்வதியம்மாள்