பாவாடையில் பிடித்த டக்

கோவில்பட்டி
2.12.2024

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

நலம். நைனிடால் குளிரில் காதை மூடிக்கொண்டு திரி. போன் போட்டால் எடுக்க மாட்டாய், அதனால் பேனாவை எடுத்தேன். உளுந்துக்கு இந்தத் தடவை மழை அதிகம். காட்டில் கால் வைத்தால் கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிறது.

தைப்பொங்கலுக்கு நம் ஆனந்தியின் கன்னிப்பெட்டியைத் திறக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் போய்விட்ட பிள்ளைக்கு வருஷம் ஒரு புதுத்துணி வைப்பது நம் வீட்டு வழக்கம், உனக்குத் தெரியும். போன வருஷம் தங்கை சுதாராணி வைத்தாள். இப்போது, "பெத்தவ வந்து வச்சாத்தான் உண்டு. நான் இனிமே தொடமாட்டேன், பாத்துக்கோங்கண்ணே" என்கிறாள்.

புதியம்புத்தூரில் பாவாடை தைக்கக் கொடுக்கணும். ஆனந்தி இப்போது என்ன உயரம் இருப்பாள்? போன தடவை டெய்லரிடம், வளர்ந்தால் பிரித்து நீளமாக்கிக்கொள்ளத் துணியை உள்ளே மடித்து டக் பிடிக்கச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

வருவாயா?

மாரிராஜ்

நைனிடால்
14.12.2024

அன்புள்ள அத்தான்,

நான் வரவில்லை. ஆனந்திக்குக் காய்ச்சல் முற்றியபோது நான் இங்கே தொலைநோக்கியில் இரண்டு விண்மீன் மண்டலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீயெல்லாம் ஒரு பெத்தவளா?" என்று நீங்கள் கேட்டது இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

இன்றும் அதே இரண்டைத்தான் ஆராய்கிறேன். ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வந்தவை. ஒரு நட்சத்திரம்கூட இன்னொன்றில் மோதவில்லை, ஆனாலும் இரண்டுமே உருக்குலைந்துவிட்டன. விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன. நடுவில் ஒரு கீற்றாய்க் கொஞ்சம் நட்சத்திரங்கள் கிடக்கின்றன.

இறந்த பிள்ளை வளராது. ஏழு வயதோடு நின்றுவிட்டாள். டக் எதற்கு? பெட்டி மூடியே இருக்கட்டும்.

காளீஸ்வரி

கோவில்பட்டி
16.1.2025

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

மூடியேதான் வைத்திருந்தேன். பொங்கலன்று மனசு கேட்கவில்லை, திறந்துவிட்டேன்.

போன வருஷத்துப் பாவாடையில் டக் பிரிந்திருக்கிறது. எலி கடிக்கவில்லை, துணி கிழியவில்லை. பிரித்த நூல் சின்ன வளையமாய்ச் சுற்றி மூலையில் கிடந்தது. தையல் பிரித்தால் நீ நூலை விரலில் அப்படித்தான் சுற்றுவாய். உன்னைப் பார்த்து அவளும் சுற்றுவாள்.

"காளியம்மன் மேல சத்தியமா நான் தொடலண்ணே, பெட்டி கிட்டகூடப் போவல" என்று சுதாராணி அழுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, அதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல?

ஒரு சந்தேகம். நடுவில் கிடக்கிற நட்சத்திரங்கள் என்றாயே, அவை யார் வீட்டுப் பிள்ளைகள்?

பெற்றவள் நீதான். வா.

மாரிராஜ்

நைனிடால்
25.1.2025

அன்புள்ள அத்தான்,

இரண்டு வீட்டுப் பிள்ளைகளும்தான்.

விலகிப் போகின்றன என்று எழுதினேனே, அது பாதிக் கதை. போன வேகம் தீர்ந்ததும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு திரும்பி வரும். கணினியில் அவற்றின் பாதையை ஓட்டிப் பார்க்கும்போது, திரும்புவதற்கு முன்பே நிறுத்திவிடுவது என் வழக்கம். உங்கள் கடிதம் வந்த அன்று நிறுத்தவில்லை.

டக் தானாகப் பிரிந்தது என்று நம்பினால் நான் படித்த படிப்புக்கு அர்த்தமில்லை. ஆனால் இங்கே சுவரில் பென்சிலால் அவள் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஏழு வயதுக் கோட்டுக்கு மேலே எட்டு, அதற்கு மேலே ஒன்பது.

பிப்ரவரி 9, ஞாயிறு காலை கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்குகிறேன். அந்த நூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதியம்புத்தூருக்கும் போக வேண்டாம். பாவாடையை நானே தைத்துவிட்டேன்.

டக் இரண்டு பிடித்திருக்கிறேன்.

உங்கள்
காளீஸ்வரி