கையா, துண்டா?

போன சனிக்கிழமை வாக்குப் போட, நாங்கள் குடியேறிய டூங்கபியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலில், வாக்குப் போட வருகிறவர்களுக்கு விற்கிற சொசேஜுக்கு வெங்காயம் வதக்கும் மணம் வந்ததும் உம்முடைய நினைவில் கால் நின்றுவிட்டது. ஒவ்வொரு தேர்தலுக்கும் நீர்தானே என்னோடு உள்ளே வருவீர். அங்கிருக்கும் பெண்பிள்ளையிடம், நான் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததாக ஆங்கிலத்தில் சொல்லுவீர். எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. எழுத்துத்தான் தெரியாது. அது அப்போது என் வீட்டாருக்கும் உமக்கும் மட்டும் தெரிந்திருந்த விஷயம். இந்த மடலையும் நான் சொல்ல மகள்தான் எழுதுகிறாள்.

நீர் எங்கள் முதியோர் சங்கத்தின் தலைவராக இருந்த காலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்துத் தொலைக்காட்சியில் அமெரிக்க ஜனாதிபதியின் பதவி நீக்க விசாரணை ஓடும். சாட்சிகளை அழைக்க வேண்டும் என்று ஒரு கட்சி, தேவையில்லை என்று மற்றக் கட்சி. நீர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவீர்.

"இவங்கள் குற்றத்தைப் பற்றியே கதைக்கேல்லை, ஓய். முடிவை முதலே எடுத்துப்போட்டு, அதுக்குத் தோதான முறையைத் தேடுறாங்கள்."

"தலைவரே, உம்மையும் ஒரு நாளைக்கு இறக்கத்தான் போறாங்கள்" என்று பகிடிக்குச் சொன்னேன்.

"இறக்கட்டும். வீட்டிலை இருந்து மனுசிக்குத் தேங்காய் திருவிக் குடுக்கலாம்."

அடுத்த வருடமே அது நடந்தது. அகதியாக வந்து, உறவென்று ஒருவரும் இல்லாமல் செத்துப்போன ஒருவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு, குழுவைக் கேட்காமல் மண்டபத்தைத் திறந்து கொடுத்தீர். அதுதான் குற்றம். சங்கம் இரண்டாகப் பிரிந்தது. உம்மை இறக்க முன்நின்றவர் வான் வைத்திருந்தவர். சங்கத்தில் பாதிப் பேரைக் கோயிலுக்கும் டொக்டரிடமும் ஏற்றி இறக்குபவர். அவர் பார்த்திருக்க அவருக்கு எதிராக யார் கை தூக்குவார்? அதனால் கடதாசித் துண்டில் எழுதி ரகசியமாக வாக்கெடுக்கச் சொல்லிக் கேட்டீர். அவர்கள் கைதான் தூக்க வேண்டும் என்று நின்றார்கள்.

"ஒளிச்சு வாக்குப் போட நாங்கள் என்ன கள்ளரே?" என்று கேட்டார் வான்காரர்.

"உம்மட வானிலை திரும்பிப் போகவேண்டிய சனம் வேறை எப்பிடிப் போடும்?" என்றீர். சபை சிரித்தது.

எந்த முறை என்று முடிவெடுக்க முதலில் ஒரு வாக்கு. முன்மேசையில் பேனையும் துண்டுகளும் தயாராக இருந்தன. துண்டு வென்றால், அவ்வளவு பேருக்கு முன்னால் அந்தப் பேனையைப் பிடித்துக்கொண்டு விழிக்கப் போகிறேனே என்று பயந்துபோனேன். "கைதான் எண்டிறவை ஆர்?" என்று கேட்டதும் என் கை மேலே போய்விட்டது. ஒரேயொரு வாக்கால் அவர்கள் வென்றார்கள். நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். பிறகு உம்மைத் தலைவராகவே வைத்திருப்பதற்கும் நான் கை தூக்கினேன்தான். என்னோடு ஆறேழு கைதான் எழுந்தது.

அடுத்த கிழமையும் வந்தீர். என் இடப்பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, சங்கத்து அறிவித்தலையும் கூட்டக் குறிப்புப் புத்தகத்தையும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்துச் சொன்னீர். சாகும்வரைக்கும் அந்த வழக்கத்தை விடவில்லை. "அவருமெல்லோ முதல் வாக்கிலை உங்களுக்கு எதிராக் கை தூக்கினவர்" என்று உம்முடைய மனைவி கேட்டபோது, "அவருக்கு ஒரு காரணம் இருந்தது" என்பதோடு நிறுத்திக்கொண்டீராம். உம்முடைய செத்தவீட்டில் அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்ன காரணம் என்று என்னிடம் கேட்டா. அன்றைக்கும் நான் மறைத்தேன்.

போன மாதக் கூட்டத்தில் ஒருவர், உம்மை முறைப்படிதான் இறக்கினோம் என்று பேசினார். நான் எழும்பினேன்.

"எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அண்டைக்கு அந்த வெக்கத்திலைதான் கை தூக்கினனான். என்ரை அந்த ஒரு கையாலைதான் அந்த மனுசனுக்குத் தலைமை போனது. இதைப் புத்தகத்திலை எழுதுங்கோ."

செயலாளர் குனிந்து எழுதினார். எழுதி முடித்து, பேசினவருக்குக் காட்டும் வழக்கப்படி புத்தகத்தை என் பக்கம் நீட்டி, "சரியோ எண்டு பாருங்கோ, அண்ணை" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

நானும் வழக்கம்போல அதை வாங்கி இடப்பக்கம் நீட்டினேன். அந்தக் கதிரையில் யாருடையவோ மழைக்கோட்டு கிடந்தது.