உனக்கு வராத கோடிப் புடவை

என் ஆசை அம்மாவுக்கு,

அத்தை போய்விட்டாள் அம்மா. போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில், தூக்கத்திலேயே. இந்நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கதையைச் சொல்லியிருப்பாள். மீதிக் கதை அவள் கண் மூடிக் கிடந்தபோது நடந்தது. அதை நான்தான் சொல்ல வேண்டும். நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். மாமா காதுக்கும் போகட்டும்.

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மாமா உன் கூடப்பிறந்த அண்ணன். அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். உன் பிறந்த வீடு மாமா வீடு, அத்தையின் பிறந்த வீடு நம் வீடு. ஒரு பெண் செத்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்து போர்த்தாமல் எங்கள் பக்கத்தில் பாடை தூக்க மாட்டார்கள்.

பதினெட்டு வயதில் நான் மறைமலைநகர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருந்தோம். எலுமிச்சம்பழ சாதம் கட்டிய டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, "இன்னியிலருந்து சம்பாதிக்கிறவ நீ. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நல்லதுக்குக் கூப்ட்டா போ. கெட்டதுக்குக் காதுல வுழுந்தாலே போ. எவன் வூட்டு சாவா இருந்தாலும் வீம்பு பண்ணாத" என்றாய். "மொத நாள் வேலைக்குப் போறப்ப பேசற பேச்சாம்மா இது?" என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அப்பா சாவுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று விரல் விட்டுச் சொல்லக்கூடியவள் நீ.

அப்பேர்ப்பட்ட உன் சாவுக்குத்தான் உன் அண்ணன் வரவில்லை.

மாமல்லபுரம் போகிற ரோட்டை ஒட்டிய சவுக்குத் தோப்பில் உன் பங்கைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாயே, அதுதான் நீ செய்த குற்றம். நாலு வருஷத்துக்கு முன்னால், காலை பத்து மணியிலிருந்து உன்னைக் கிடத்தி வைத்துக் காத்திருந்தோம். ஊரில் இரண்டு பேர் பைக்கில் போய்க் கூப்பிட்டார்கள். "நோட்டீஸ் வுட்டவளுக்குக் கோடி இன்னாத்துக்கு?" என்று கேட்டு அனுப்பினாராம். அத்தை கொல்லைப்புறத்திலிருந்து போன் பண்ணினாள். "கேட்டைப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கினு குந்திகினு கீறாரு பவானி. எங்கண்ணிய கடைசியா ஒரு தபா பாக்க எனக்குக் குடுத்து வெக்கல" என்று அழுதாள்.

கடைசியில் நானே செங்கல்பட்டுக்கு ஓடி ஒரு புடவை வாங்கி வந்தேன். அப்போது மணி மூன்று. நம் தெரு பால்காரர் அண்ணன் முறைக்கு நின்று உனக்குப் போர்த்தினார். நல்ல மனுஷன். இதற்கு மாமாவைப் பதில் சொல்ல வைக்காமல் விடமாட்டேன் என்று அன்றைக்கே உன் காலைத் தொட்டு நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாமா மகன் போன் செய்தான். "பவானி, அம்மா பூட்டாங்க. கோடி வராம தூக்கக் கூடாதுன்றாங்க ஊர்ல. உங்க வூட்ல உன்னை வுட்டா யாரு கீறாங்க?"

எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். அத்தை செத்த செய்தியைக் கேட்டு சந்தோஷப்பட்டேன் அம்மா, என்னை அடி. "நோட்டீஸ் வுட்டவ பொண்ணு கோடி உங்களுக்கு இன்னாத்துக்கு?" என்று கேட்க நாக்கு துடித்தது. "வரேன் மச்சான்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். போகிற எண்ணமே இல்லை. கிடக்கட்டும், காத்திருக்கட்டும் என்று இப்போது நான் இருக்கிற கூடுவாஞ்சேரி வீட்டில் துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடியும் துவைத்தேன். பதினோரு மணிக்குத்தான் உறைத்தது. காத்திருப்பது மாமா மட்டும் இல்லையே, அத்தையும்தானே. அவள் என்ன பாவம் செய்தாள்?

கடைக்குப் போய் இரண்டு புடவை எடுத்தேன்.

அவர்கள் ஊர்த் தெருமுனையில் இறங்கி, அங்கேயே நின்றேன். கோடி கொண்டு வருகிறவர்களை வீட்டுக்காரர்கள் மேளத்தோடு எதிரே வந்து அழைத்துப் போக வேண்டும், அதுதானே முறை? மச்சான் வந்தான். "மாமா வரட்டும்" என்றேன்.

"நைனா முடியாம குந்திகினு கீது பவானி."

"பரவால்ல. நான் நிக்கறேன். எங்களுக்குக் காத்திருந்து பழக்கம்தான்."

மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். வாசலில் இருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வந்தார் அம்மா. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொதிக்கிற ரோட்டில் வெறுங்காலோடு வந்தார். ரொம்ப இளைத்துப் போயிருந்தார். உன் மூக்கு அவருக்கு. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

தட்டிலிருந்த சிவப்புப் புடவையைக் காட்டி, "இது அத்தைக்கு, பொறந்த வூட்டுக் கோடி" என்றேன். பையிலிருந்து மாம்பழக் கலர் புடவையை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இது எங்கம்மாவுக்கு. நீங்க எடுத்தாந்திருக்க வேண்டியது."

"அவ இல்லியேம்மா" என்றார்.

"தெரியும் மாமா. அன்னிக்கு மூணு மணி வரைக்கும் இருந்தாங்க."

அந்தப் புடவையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க எனக்கு முன்னால் நடந்தார். பாடை தூக்குகிற வரைக்கும் அதைக் கீழே வைக்கவில்லை, யார் கேட்டும் கொடுக்கவில்லை. அத்தைக்குப் போர்த்தும்போது மட்டும் நான் அழுதேன். மாமா பக்கம் திரும்பவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள், எனக்கு அது வசதியாகப் போயிற்று.

நீ கோபப்படுவாய். வீம்பு பண்ணாதே என்றேனே என்பாய். காதில் விழுந்தது, போனேனா இல்லையா? எப்படிப் போய் நிற்க வேண்டும் என்று நீ சொல்லவில்லையே. நீ சொன்னதை வைத்தே உன் அண்ணனைத் தலைகுனிய வைத்தேன். தப்பா அம்மா? நாலு வருஷம் கழித்து நன்றாகத் தூக்கம் வருகிறது. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

நேற்று மச்சான் மறுபடியும் பேசினான். "உங்கம்மா தெவசம் என்னிக்குன்னு நைனா கேக்குது. அந்தப் பொடவைய பீரோல கூட வெக்கல, தலமாட்டுலயே வெச்சிகினு கீது." நாளைச் சொல்லிவிட்டேன்.

மாமா வருவார். ஊரில் நம் தெருமுனையில் புடவையோடு நிற்பார். முறைப்படி நான்தான் எதிரே போய் அழைத்து வர வேண்டும். காலை பத்து மணிக்கே வந்து நின்றாலும், மூன்று மணிக்குத்தான் போவேன்.

ஆனால் போவேன் அம்மா. உன்மேல் சத்தியமாகப் போவேன்.

இப்படிக்கு,
உனக்கு மகளும், அத்தைக்குப் பிறந்த வீடுமான
பவானி