தொண்ணூற்றொரு கிலோ யூரியா

சேசு மரி சூசை துணை
தாராசுரம்
20.1.1974

பரோடாவில் இருக்கும் மகன் ஜெக்கரியாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கை அருள்செல்வியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே ஆலை லேபில் பி.எஸ்ஸி. துரையும் சுகமாகத்தான் இருப்பார். இங்கே பயிர் மட்டும் சுகமில்லை. குத்தகை நிலம் இரண்டு ஏக்கரும் படுத்துவிட்டது, படுக்க வைத்தவன் நீ.

கார்த்திகையில் சொசைட்டிக்கு அம்மோனியம் சல்பேட் வரவில்லை, யூரியாதான் இருந்தது. ஏக்கருக்கு அது நூறு கிலோ போடுகிற இடத்தில் இது எவ்வளவு போடலாம் என்று உனக்கு எழுதிக் கேட்டேன். இருபத்து மூன்று வருடமாகப் பள்ளிக்கூட லேபில் குடுவை கழுவுகிறேன், வாத்தியார் பலகையில் போடுவதைப் பார்த்துப் பார்த்து அந்தக் கணக்கு எனக்கே வரும். வீட்டில் பட்டம் வாங்கியவன் இருக்கும்போது நாம் எதற்கு என்று இருந்தேனே, அதுதான் என் மடத்தனம். நீ கார்டில் ஒரே வரி எழுதினாய், ஏக்கருக்குத் தொண்ணூற்றொரு கிலோ போடவும் என்று. எப்படி வந்தது என்று ஒரு எழுத்து இல்லை. விடையை மட்டும் எழுதுகிறவனுக்கு வாத்தியார் முட்டைதான் போடுவார், நீ வாங்கிய முட்டைகளை நோட்டு அடுக்கிய நான் அறிவேன். பயிர் கருகருவென்று இடுப்பளவு வந்தது, நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். தை பிறக்குமுன் எல்லாம் சாய்ந்து குலைநோயும் விழுந்து, கதிரை உருவினால் பதர்தான் வருகிறது. அதை எழுதினால், உரத்தில் கலப்படம் இருக்கும் என்று பதில் போடுகிறாய், வெட்கமாக இல்லையா.

உன் கணக்கை நானே பிரித்துப் பார்த்தேன், நிதானமாகப் படி. அம்மோனியம் சல்பேட்டின் மூலக்கூறு எடை நூற்று முப்பத்திரண்டு. அதில் நைட்ரஜன் அணு இரண்டு, ஒன்றுக்குப் பதினான்கு, ஆக இருபத்தெட்டு. இருபத்தெட்டை நூற்று முப்பத்திரண்டால் வகுத்து நூறால் பெருக்கினால் இருபத்தொன்று சொச்சம், நூறு கிலோவில் நைட்ரஜன் அவ்வளவுதான். இதுவரை நீ சரி. யூரியாவின் எடை அறுபது. அதிலும் நைட்ரஜன் இரண்டு, அடைப்புக்குறிக்கு வெளியே கீழே சின்னதாக ஒரு இரண்டு நிற்கிறதே, அது துரை கண்ணில் படவில்லை. ஒன்று என்று எடுத்துப் பதினான்கை அறுபதால் வகுத்து, நூறு கிலோவில் நாற்பத்தேழு இருக்கிற இடத்தில் இருபத்து மூன்று என்று வைத்தாய். பதினான்கு போட்டால்தான் தொண்ணூற்றொன்று வரும், வேறு எதற்கும் வராது. சரியாகப் போட்டால், இருபத்தொன்றை நாற்பத்தேழால் வகுத்து நூறால் பெருக்க நாற்பத்தைந்து கிலோ. நீ போடச் சொன்னது இரண்டு பங்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யாத தப்பு.

குத்தகைப் பதிவில் என் பெயர் ஏறிய நாளிலிருந்து வயிறெரிகிற மிராசுதாருக்கு இது போதாதா. அசட்டையால் பயிரைப் பாழாக்கினான், நிலத்தை விட்டு வெளியேற்ற வேண்டும் என்று ரெவின்யூ கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார். போன வியாழக்கிழமை விசாரணை நடந்தது. அவருடைய காரியக்காரர் ஐயாவு, யூரியாவுக்கும் கல்லுப்புக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், அத்தனை பேர் முன்னால், "குடுவை கழுவுறவனுக்கு வெள்ளாமையப் பத்தி என்னங்க தெரியும்" என்றார். விசாரித்த டிப்டி கலெக்டர் என்னிடம் இந்த அளவை யார் சொன்னது என்று கேட்டார். உன் கார்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது. நீட்டியிருந்தால், படித்தவன் பேச்சைக் கேட்டுப் போட்டான், அசட்டை இல்லை என்று ஆகியிருக்கும். உன் படிப்பைப் பார்த்து ஐயாவு சிரிப்பதை என்னால் நினைக்க முடியவில்லை. "நான் போட்ட கணக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளாக உன் அம்மா என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி ஆறாம் தேதி மறு விசாரணை, அன்றோடு தீர்ப்பு. நீ வந்து நின்று, கணக்கை வரிவரியாகப் போட்டு, எந்த வரியில் தப்பு, யார் தப்பு என்று உன் வாயால் சொன்னால் நிலம் நிற்கும். கார்டை நான் கிழிக்கவில்லை. நீ வராமல் அதை வெளியே எடுக்கவும் மாட்டேன், நிலம் போனாலும் சரி. லேபில் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு. மாதா உன்னையும் உன் புத்தியையும் சேர்த்துக் காப்பாற்றட்டும்.

வருகிறாயா இல்லையா என்று தபால் கண்டவுடன் எழுது. அதற்கு மட்டும் ஒரு வரி விடை போதும்.

உன் அப்பா
ம. ஆசீர்வாதம்
லேப் அட்டெண்டர்