நான் சேமிக்காமல் விட்ட உன் பறப்புகள்

மச்சான்,

இன்று காலை கடையில் ஒரு தாய்க்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். முடித்து மூடப் போனபோது திரையின் நடுவில் அந்தச் சின்னப் பெட்டி வந்து நின்றது. மாற்றங்களைச் சேமிக்கவா, வேண்டாமா? என் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்னண்ணை, கொம்பியூட்டர் நிண்டிட்டுதோ?" என்று அந்தத் தாய் கேட்டாள்.

"ஓம் தங்கச்சி, கொஞ்சம் சூடாகிப்போச்சு" என்றேன். அதற்கென்ன, பொய் எனக்குப் பழக்கம்தானே. அவள் போன பிறகுதான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பெட்டிகளை நான் ஒருநாளும் வாசித்ததில்லை என்பது உனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எவ்வளவு நீட்டி எழுதியிருந்தாலும் கடைசியில் ஓகே என்று ஒன்று இருக்கும். அதை அமத்தினால் காரியம் நடக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், அந்த ஒரு சொல்லை வைத்தே கோப்பாயில் ஒரு கொமினிக்கேசன் கடை நடத்தியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டரின் மூடியைக் கழற்றித் தூசி தட்டிய முதல் ஆள் நான். பண்டத்தரிப்பிலிருந்து ஒரு அதிபர் கார் அனுப்பி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். சாவகச்சேரியில் ஒரு சட்டத்தரணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. இதையெல்லாம் நான் சொல்லும்போது நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மச்சான், ஒரு சுழியத்தைக் குறைச்சுச் சொல்லு" என்பாய். சரி, குறைத்துச் சொல்கிறேன். அதிபர் அனுப்பியது ஓட்டோ.

உனக்கு ரொக்கெட் பைத்தியம் பிடித்த கதையை ஊரில் நான் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். நடந்தது சின்னது. கனடாவில் உன் மகள் ஒரு கழகத்தில் சேர்ந்து, மட்டைக் குழாயில் முழ நீள ரொக்கெட் செய்து ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியில் விட்டுக்கொண்டிருந்தாள். நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பது வருடம் மதகும் வாய்க்காலும் படம் கீறிய தகப்பன் பென்சன் எடுத்துச் சும்மா இருக்கிறாரே என்று, ரொக்கெட் கீறுகிற மென்பொருளை லப்டொப்பில் போட்டு அனுப்பினாள். நீ கீறுவாய், அவள் செய்வாள். நீங்கள் இருவரும் நேருக்கு நேர் கதைத்தால் ஐந்து நிமிடத்தில் சண்டை வரும். மூக்கு, குழாய், செட்டை, பரசூட் என்று கதைத்தால் ஒரு மணித்தியாலம் போகும்.

"இஞ்சை ஒண்டைச் செய்து விட்டுப் பாப்பமே?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"விசரே உனக்கு? அனுமதி கேட்டு ஆருக்குக் கடிதம் எழுதிறது? கடிதத்துக்குப் பதில் வராது, ஆமி ஜீப்தான் வரும்" என்றாய்.

நானும் வாயை மூடிக்கொண்டேன். மேலே ஏதாவது இரைந்தால், குண்டு போட்ட காலத்துப் பயத்தில், இன்றைக்கும் என் மனுசி கையிலிருக்கிற வாளியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடுகிறவள். ஆகவே உன் ரொக்கெட் திரையில் மட்டும் பறந்தது. அதையும் நீ சும்மா பறக்கவிடவில்லை. உன் வீட்டு அன்ரனாக் கம்பத்தில் ஒரு சேலைக் கிழிசலைக் கட்டியிருந்தாய். காலையில் எழுந்ததும் அது எந்தப் பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, அன்றைய காற்றையே மென்பொருளில் போட்டு, விடும் இடமாகக் கோப்பாயைக் கொடுத்து, ஒரு முறை, ஒரே ஒரு முறை விடுவாய். போய் விழுந்த தூரத்தைக் கொண்டு யார் வளவில் விழுந்திருக்கும் என்று கணக்குப் பார்ப்பாய்.

"இண்டைக்குச் சோளகக் காத்து மச்சான். உன்ரை கடைக் கூரையிலைதான் விழுந்திருக்கும். எடுத்து வை, பின்னேரம் வாறன்."

"ஓட்டை உடைச்சுப்போட்டியே! ஆர் மாத்தித் தாறது?"

நான் கத்துவேன், கடையில் நிற்கிற சனம் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்க்கும்.

மகள் உனக்குப் போட்டு அனுப்பியது இலவச மென்பொருள்; அவளின் கழகத்தில் காசு கொடுத்து வாங்குகிற வேறொன்றைத்தான் பாவித்தார்கள். அதனால் அவளுக்கு அனுப்பும்போதெல்லாம் கோப்பை அந்த வகைக்கு மாற்றி அனுப்புவாய். மூலக் கோப்பு உன்னிடமே இருக்கும். ஏன் இரண்டு வைத்திருக்கிறாய், இடத்தைப் பிடிக்குமே என்று கேட்டேன். நீ என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாய்: "மாத்தினால் உடம்பு மட்டுந்தான் போகும் மச்சான். நான் விட்ட பறப்பு ஒண்டும் போகாது. அதுகள் இந்தக் கோப்பிலை மட்டுந்தான் இருக்கும்."

"தெரியும், தெரியும்" என்றேன். எனக்குத் தெரியாது. நீ சொன்னதைக் கேட்கக்கூட இல்லை. வாசலில் யாரோ போட்டோக் கொப்பிக்கு நின்றார்கள்.

நீ போய், உன் எட்டுச் சடங்கு முடிந்த மறுநாள் உன் மனுசி கோல் எடுத்தாள். "அண்ணை, பிள்ளை தேப்பன்ரை கடைசி ரொக்கெட்டைக் கேக்குது. ஆண்டுத் திவசத்துக்கு அங்கை செய்து விடப்போகுதாம். ஒருக்கா வந்து அனுப்பிவிடுவியளோ?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தேன். உன் கதிரையில் இருந்தேன். தங்கச்சி, உன் மனுசி, தேத்தண்ணி போட உள்ளே போனாள். கோப்பைத் திறந்ததும் உன் பறப்புகளின் அட்டவணை வந்தது. மேலிருந்து கீழே உருட்ட உருட்ட முடியவில்லை. நீ ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாய். அதுவரை எனக்கு அது தெரியாது. பெயரென்றால் இலக்கமில்லை, அன்றைய காற்றும் அன்றைய சேதியும். வாடை, மழை, இருமல் குறைவு. கச்சான், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது. சோளகம் பலம், மனுசி கோபம். ஒரு நாளுக்கு ஒரு வரி. நெஞ்சு வருத்தம் வந்த ஒரு வருடமும் அதற்குள் இருந்தது. எங்களுக்குச் சொல்லாத வலியெல்லாம் காற்றோடு சேர்த்து எழுதி வைத்திருந்தாய். கடைசி வரி: காற்றில்லை. பிள்ளை விடட்டும்.

நான் வாசித்தேன் மச்சான். அட்டவணை முழுவதையும் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றும், பிறகு அந்தக் கடைசி வரி. மறுபடி மேலே உருட்டப் போனேன். ஆனால் அந்த நேரம் தங்கச்சி தேத்தண்ணியோடு வந்துவிட்டாள். ஒரு ஆள் பக்கத்தில் நின்றால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும், கை வேகமாகிவிடும். கோப்பை மற்ற வகையில் சேமிக்கக் கொடுத்தேன். ஒரு பெட்டி வந்தது, அரைப் பக்கம் ஆங்கிலம். தங்கச்சி, "என்னண்ணை கேக்குது?" என்றாள். "உதெல்லாம் சும்மா சம்பிரதாயம்" என்று ஓகேயை அமத்தினேன்.

அதோடு எழும்பியிருந்தால் மூலக் கோப்பாவது மிஞ்சியிருக்கும். "வீடியோ கோல் எடுத்தால் இழுத்து இழுத்து நிக்குது அண்ணை, பிள்ளையின்ரை முகமே தெரியிறேல்லை" என்றாள். யாரும் கேளாத உதவியைச் செய்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகச் சிஸ்டம் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"ஒண்டும் அழிஞ்சுபோகாதே அண்ணை?"

"தங்கச்சி, ஆரிட்டைக் கேக்கிறாய்?"

மாற்றிய கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்தேன். ஒரே ரொக்கெட்டுக்கு இரண்டு கோப்பு எதற்கு என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் லப்டொப் புதுப் பெண் மாதிரி வந்துவிட்டது. சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். இரண்டு முறை கறி கேட்டு வாங்கினேன்.

இரண்டு நாள் கழித்து உன் மகள் கோல் எடுத்தாள்.

"மாமா, ரொக்கெட் வந்திட்டுது. ஆனால் பறப்பு ஒண்டும் இல்லை. அப்பா ஒவ்வொரு நாளும் விடுறனான் எண்டு சொல்லுவார். அதுகள் எங்கை?"

கடையில் என்னிடம் இருந்த பிரதியைத் திறந்தேன். நீ கீறிய மூக்கு இருந்தது, குழாய் இருந்தது, மூன்று செட்டையும் அளவு பிசகாமல் இருந்தன. பறப்பு அட்டவணை வெறும் கோடுகளாக இருந்தது. அப்போதுதான் நீ சொன்ன வசனம் காதுக்குள் வந்தது, நீயே பக்கத்தில் நின்று திரும்பச் சொன்னது மாதிரி.

அந்த ஒரு கணத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்ன சொன்னேன் தெரியுமா? "கொப்பர் அதுகளைச் சேவ் பண்ணேல்லைப் பிள்ளை. விட்டுப் பாத்திட்டு மூடிப்போடுவார். அவரின்ரை பழக்கம் அதுதான்."

"ஓ… அப்பிடியே" என்றாள்.

நீ மறுத்துப் பேச மாட்டாய் என்ற தைரியத்தில் உன் தலையில் கட்டிவிட்டேன். ஊரில் எவ்வளவு கதை கட்டியிருப்பேன். ஒரு கதை கட்டிவிட்டுப் படுக்க முடியாமல் போனது அதுதான் முதல் தரம்.

அதற்குப் பிறகு அந்த ரொக்கெட் என்னை விடவில்லை. கடையில் ஆளில்லாத நேரம் அதைத் திறந்து காற்றைப் போட்டு விட்டுப் பார்ப்பேன். உன் சேலைக் கிழிசல் இன்னும் ஆடுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் போடுவேன். ரொக்கெட் எழும்பும், சாயும், பரசூட் விரியும், வந்து விழும். அதே காற்றைக் கொடுத்து மறுபடி விட்டாலும் சரியாக அதே இடத்தில் விழாது. காற்றை மென்பொருள் தானாகக் கொஞ்சம் குலைத்துவிடுமாம். ஆகவே நீ இருமல் குறைந்த நாளில் விட்ட பறப்பை நான் எத்தனை தரம் விட்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அட்டவணையில் என் பறப்பு ஒன்று வந்து ஏறும். அதற்குப் பெயர் வைக்க எனக்குத் துணிவில்லை. அழித்துவிட்டு மூடுவேன்.

சோளகம் வீசுகிற நாட்களில் கூரையில் ஏதாவது தட்டினால் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். மூன்று தரம் ஏணி வைத்து ஏறியிருக்கிறேன். சத்தியமாக மூன்று தரம்தான், கூட்டிச் சொல்லவில்லை. சருகும் ஒரு பழைய செருப்பும்தான் கிடந்தன. "என்னத்தைத் தேடுறியள்?" என்று மனுசி கீழே நின்று கேட்டாள். "ஓடு வெடிச்சிருக்கோ எண்டு பாக்கிறன்" என்றேன். மூன்று தரமும் அதையே சொன்னேன்.

உன் ஆண்டுத் திவசத்துக்கு முதல் நாள் மகள் மறுபடி கோல் எடுத்தாள்.

"நாளைக்கு விடப்போறம் மாமா. செய்து முடிச்சிட்டன்." பிறகு குரல் இறங்கியது. "ஒண்டு கேக்கட்டே? அப்பாவுக்கு உண்மையா இதிலை விருப்பம் இருந்ததோ? நான் மனம் நோகக்கூடாதெண்டு சும்மா கதைச்சவரோ? ஒரு பறப்பைக்கூட வைச்சிருக்கேல்லையே. எனக்கெண்டு ஒரு வரி இல்லை."

கடையில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால்தான் சொன்னேன். "பிள்ளை, கொப்பர் எல்லாத்தையும் வைச்சிருந்தவர். ஒரு நாள் விடாமல். நான்தான் மாத்தேக்கை அழிச்சுப்போட்டன். அழிச்சுப்போட்டு உனக்குப் பொய்யும் சொன்னனான்."

பறப்புகளுக்கு நீ பெயர் வைத்ததைச் சொன்னேன். கடைசி வரியைச் சொன்னேன். காற்றில்லை. பிள்ளை விடட்டும்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"மாமா, இது மெய்யா அப்பா எழுதினதோ? இல்லாட்டி என்னைத் தேத்திறதுக்கு நீங்கள் சொல்லுறியளோ?"

கேட்க வேண்டிய கேள்விதான். சின்ன வயதிலிருந்து என் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. என் வாய்க்குள் நூறு சாட்சி ஓடி வந்தன. நீ அதை எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன் என்று சொல்லலாம். அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே தட்டினாய் என்று சொல்லலாம். அவள் நம்பியிருப்பாள். ஒன்றையும் சொல்லவில்லை மச்சான்.

"கொப்பர் எழுதினது, பிள்ளை. இதுக்கு மேலை எனக்கொண்டும் தெரியாது."

"சரி மாமா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் நடந்ததைத் தங்கச்சிதான் சொன்னாள். அங்கே வெளியில் நல்ல காற்றாம். கழகத்தார் எல்லாரும் தங்கள் தங்கள் ரொக்கெட்டை விட்டு முடித்துவிட்டார்களாம். உன் மகள் மட்டும் உன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு புல்லில் இருந்தாளாம். ஏன் விடவில்லை என்று கேட்டவர்களுக்கு, காற்று நிற்கட்டும் என்றாளாம். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்து, காற்றுப் பார்க்க நட்டிருந்த கொடி அசையாமல் தொங்கிய பிறகுதான் விட்டாளாம். நேரே போனதாம்.

எனக்கு அதற்குப் பிறகும் அவள் கோல் எடுக்கவில்லை. எடுக்காமல் விட அவளுக்கு நியாயம் இருக்கிறது.

கடைசி வரியை அவளிடம் கொடுத்துவிட்டேன். மேலே எழுதிவிட்ட மூன்றைத் தவிர இன்னும் ஐந்து வரி என்னிடம் இருக்கிறது, அன்று உருட்டியபோது கண்ணில் பட்டவை. அதுகளையும் எழுதி வைக்கலாம்தான்; என் கையெழுத்தில் இருந்தால் அது என் கதையாகிவிடும் என்று பயமாக இருக்கிறது. அதனால் காலையில் எழும்பியதும், ஊரோடு கதைக்க வாயைத் திறக்குமுன், ஐந்தையும் வரிசையாக மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல். போன கிழமையிலிருந்து அதில் ஒரு வரி கொஞ்சம் அதிகம் அழகாக இருக்கிறது. அது நீ எழுதியதா, நான் எழுதியதா என்று எனக்கே தெரியவில்லை. எந்த வரி என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.