அம்மா படத்துக்கு மாலை

கூட்டேரிப்பட்டு
4-12-1962

சிரஞ்சீவி சின்னதுரைக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மருமகளும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் தங்கை வடிவும் மாடு கன்றுகளும் சுகம். உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். இதைத் தனியாக எழுதும் அவசியம் இதுவரை வந்ததில்லை, இந்த மாதம் வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்து நீயே படி. உதவி டைரக்டரிடம் கொடுத்துக் கதையைச் சுருக்கிச் சொல்லச் சொல்லாதே.

போன வாரம் ஒரு காலையில் உன் வளவனூர் மாமா விருத்தாசலம், பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மாரில் அடித்துக்கொண்டு வந்தார். பின்னால் உன் அத்தை, கையில் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை. "மகராசி போயிட்டியே, எழவு சொல்ல ஒரு ஆளு கூட அனுப்பலியே இந்தப் பாவி" என்று ஒப்பாரி. பாவி என்றது என்னை. உன் அம்மா களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக் கடலையைத் தனியாக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு யாரோ போய்விட்டார்கள் என்று அவளும் பதறி எழுந்து, யார் என்று தெரிவதற்கு முன்பே கொஞ்சம் அழுதும் விட்டாள். மாமா அவளைப் பார்த்ததும் கையை மாரிலேயே வைத்தபடி நின்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. "உயிரோட இருந்துகினு எதுக்கும்மா படத்துல மாலையப் போட்டுக்கினு நிக்கிற" என்று அவளைத் திட்டினார். அப்புறம் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். உன் புதுப் படம் வளவனூர் கொட்டகைக்கு வந்திருக்கிறதாம். பெயர் போடுவதற்கு முன்னால் உன் அம்மாவின் போட்டோ திரை முழுக்க வருகிறதாம். விழுப்புரம் ஸ்டுடியோவில் உனக்குக் காது குத்திய வருஷம் எடுத்தது. அதற்கு ஒரு ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, ஊதுபத்திப் புகை, கீழே 'என்னைப் பெற்ற தெய்வத்துக்கு' என்று எழுத்து. நம் பக்கத்தில் எந்தப் போட்டோவுக்கு மாலை போடுவார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீயே போடச் சொல்லியிருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். உன் செட்டில் சாமான் அடுக்குகிறவர் அம்மா போட்டோ என்றால் மாலை போட்டே பழகியவர், பழக்க தோஷத்தில் போட்டிருப்பார். அந்த நேரம் நீ பக்கத்து செட்டில் வேறொரு அம்மாவைச் சாகடித்துக்கொண்டிருந்திருப்பாய்.

உன் தொழிலை நான் குறை சொல்வதாக நினைக்காதே. நான் மானாவாரியில் வருஷத்துக்கு ஒரு போகம் எடுக்கவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீ மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலு போகம் எடுக்கிறாய். கதை, வசனம், தயாரிப்பு, டைரக்‌ஷன் எல்லாம் நீயே என்று போஸ்டரில் பார்க்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. படங்களின் பெயர்தான் எனக்குக் குழம்புகிறது, ஒவ்வொன்றிலும் தாய் இருக்கிறாள், இல்லாவிட்டால் தங்கை இருக்கிறாள். போன படத்தில் பண்ணையார் வீடாக இருந்தது இந்தப் படத்தில் ஜட்ஜ் வீடு, மாடிப்படி மட்டும் அதேதான். எல்லோரும் அதில் இறங்கி வருகிறார்கள், மேலே என்ன இருக்கிறது என்று ஒரு படத்திலும் நீ காட்டவில்லை. அப்பாக்கள் எல்லோரும் பட்டு கவுன் போட்டுக்கொண்டு ஏழைகளை விரட்டுகிறார்கள். நான் இந்த வயதுவரை கவுன் போட்டதில்லை. ஆனாலும் விழுப்புரம் மண்டிக்கு மல்லாட்டை ஏற்றிக்கொண்டு போனால், இரண்டாவது சம்சாரம் சௌக்கியமா என்று கேட்கிறார்கள். டைரக்டரின் அப்பா என்றால் படத்தில் வருகிற அப்பாதான் என்பது அவர்கள் கணக்கு. சிரித்துக்கொண்டே கேட்டாலும் உன் அம்மா காதுக்கு வந்தால் சாப்பாடு தாமதமாகிறது.

இதுவரை சிரிக்கிற விஷயம். இனிமேல் எழுதுவது வடிவின் வாழ்க்கை. கண்டாச்சிபுரம் கோதண்டபாணி வீட்டில் அவளைக் கேட்டிருக்கிறார்கள் என்று முன்பே எழுதினேன், நீயும் ரொம்ப சந்தோஷம் என்று தந்தி அடித்தாய். நல்ல குடும்பம், சொந்த நிலம், கிணற்றில் தண்ணீர் வற்றாது, பையன் வேங்கடேசன் பேச்சில் மரியாதை தெரிகிறது. வடிவுக்கும் பிடித்திருக்கிறது. அவள் சொல்லவில்லை, கண்டாச்சிபுரத்தில் மழை பெய்ததா என்று கேட்கிறாள், அதில் தெரிந்துகொண்டோம். பெண் பார்த்தது மயிலம் கோயிலில். அன்று உன் அம்மாவுக்குக் காய்ச்சல், உன் அத்தைதான் வடிவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதுதான் இப்போது வினையாக வந்து நிற்கிறது. அவர்களும் படத்தைப் பார்த்துவிட்டார்கள். மாமா வந்து போன மூன்றாம் நாள் கோதண்டபாணி, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தார். நான் விஷயத்தைச் சொல்வதற்குள் உன் அம்மாவே மோர்ச் சொம்போடு வெளியே வந்தாள். அவர் மோரைக் கையில் வாங்கவில்லை. "பொண்ணப் பெத்தவங்க அன்னிக்கி கோயிலுக்கும் வரல, இன்னிக்கி படத்துல மாலையோட இருக்காங்க. தப்பா நெனைக்காதீங்கம்மா, நீங்க யாரு, இவருக்கு ரெண்டாந்தாரமா?" என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள் பார், அந்தப் பார்வையை உன் காமிராவில் பிடிக்க முடியாது. சம்பந்தம் பேசுகிறவர்கள் பத்து இடத்தில் விசாரிப்பது வழக்கம்தான். அவர் கொட்டகையில் விசாரித்திருக்கிறார். ஒரு வீட்டைப் பற்றி அந்த வீட்டுப் பிள்ளையைவிட வேறு யாருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. உன் படங்களில் பெண்டாட்டி செத்ததும் அப்பா இன்னொருத்தியைக் கட்டுவார், அவள் மூத்தவள் மகளைப் படுத்துவாள், ஊருக்கு நல்லவள்போல நடிப்பாள், மோர் கொடுப்பாள். எல்லாம் அவருக்குப் பொருந்திவிட்டது. "மறைச்சாதாங்க பேஜாரு, ரெண்டாந்தாரம்னா ரெண்டாந்தாரம்னு சொல்லிடுங்க" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். போட்டோவில் இருப்பவள் இருபத்தைந்து வயதுக்காரி, எதிரே நிற்பவளுக்குப் பாதி தலை நரைத்திருக்கிறது, எப்படிக் காட்டிப் புரியவைப்பேன்? தெருவே திரண்டு சாட்சி சொன்னது. உன் படங்களில் பணக்காரருக்குப் பயந்து ஊரே பொய்ச் சாட்சி சொல்லும், அதையும் அவர் பார்த்திருக்கிறார். கடைசியில், "டைரக்டர் தம்பி ஒரு வாட்டி நேர்ல வந்து, கையப் புடிச்சிக்கினு, இதுதான் என்னைப் பெத்த அம்மான்னு சொல்லட்டும், பரிசம் போட்டுடலாம். அவரு எடுத்த படத்தையே நம்புனோம், அவர நம்ப மாட்டோமா" என்று சொல்லிவிட்டுப் போனார். பரிசத்துக்குத் தை முதல் வெள்ளி நாள் குறித்திருக்கிறோம். நீ வராவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். வடிவு சாப்பாட்டைக் கையால் அளைந்துவிட்டு எழுந்து போகிறாள், கேட்டால் "அண்ணன் வரும்பா" என்று மட்டும் சொல்கிறாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. போன பொங்கலுக்கு மருமகளும் பேரனும்தான் வந்தார்கள், நீ கால்ஷீட் என்றாய். எனக்குக் காலில் ஆணி ஏறி ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தபோது நீ அனுப்பிய பழம் வந்தது, நீ வரவில்லை. மதராஸ் ஒன்றும் ரங்கூன் இல்லை, எழும்பூரில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திண்டிவனம்.

இதற்கு நடுவில் உன் அம்மா அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. திண்டிவனத்தில் பகல் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போட்டோ வந்ததும் பெண்கள் பக்கத்தில் பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் பக்கத்தில் மரக்காணத்து மீன்காரம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாளாம். "பாவம், புண்ணியவதி. புள்ள எம்மாம் உருகுறான் பாரு, இப்பிடி ஒண்ணு பெத்தா போதும்" என்று இவளிடமே சொல்லி அழுதாளாம். இவள் அந்தப் போட்டோவில் இருப்பது நான்தான் என்று சொல்லவில்லை. ஆமாம் என்று சொன்னாளாம். படத்தின் முடிவில் மகன் ஓடி வருவதற்குள் தாய் கண்ணை மூடிவிடுகிறாள், கொட்டகையே தேம்பியது, உன் அம்மா அழவில்லை. பஸ்ஸில் வரும்போது, மயிலம் கோபுரம் தெரிகிற இடத்தில்தான், "நல்லாதாங்க இருந்துச்சி. எம் மூஞ்சிய அவன் இம்மாம் நேரம் பாத்துக்கினு நின்னு எத்தினி வருசம் ஆவுது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே தம்பி, தை முதல் வெள்ளிக்கு வந்துவிடு. முந்தின நாளே வந்து சேர். தட்டு மாற்றுகிற நேரத்தில் காரை விட்டிறங்கி ஓடி வராதே, உன் படம் பார்த்தவர்கள் கல்யாணத்தை நிறுத்த வந்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள். ராத்திரியில் கண்விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, வெறும் காப்பியில் பொழுதை ஓட்டாதே. மருமகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர்வாதம், நீ தீர்க்காயுசாக இருந்து இன்னும் நூறு படம் எடு, அதில் ஒன்றிலாவது அம்மா பிழைக்கட்டும். முக்கியமாக ஒன்று. ஊருக்கு வரும்போது பூ மார்க்கெட்டில் மாலை எதுவும் வாங்கி வராதே. வெறுங்கையோடு வா. உன் அம்மா கையைப் பிடிக்கத்தான் உன்னைக் கூப்பிடுகிறோம்.

இப்படிக்கு,
இன்னும் ஒருத்தியோடு மட்டுமே குடும்பம் நடத்தும்
உன் அப்பா,
அப்பாதுரை